பெயர் பொறிக்கப்படாதோர்

நீலமலையில் குன்னூரை அடுத்த வெலிங்டனில், மதராஸ் ரெஜிமெண்டு வீரர்களுக்குப் போர் நினைவுச்சின்னம் ஒன்று உண்டு. அதனைச் சூழ்ந்த சரிவுகளில் கொழுந்து பறிக்கும் தொழிலாளரைப் போன்றோரும் இரண்டாம் உலகப் போரில் பல்லாயிரவராக மடிந்தனர். அவர்களை அறிந்தோர் சிலரே.

அவர்கள் தமிழகச் சிற்றூர்களை விட்டு, மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றவர்கள். ஆங்கு லயங்களில் குடியமர்ந்தனர், மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினர், பிள்ளைகளை வளர்த்தனர்.

1942ஆம் ஆண்டில் ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றினர். சயாம் எனப்பட்ட தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைக்க முற்பட்டனர். நல்ல கூலி என்னும் சொல்லை நம்பிச் சென்ற தமிழரும் உண்டு. வலிந்து பிடித்துச் செல்லப்பட்டோரும் உண்டு. அடர்காட்டில் அவர்களுக்கு வாய்த்தவை அரைவயிற்று உணவும், அடியும், காய்ச்சலுமே. 1943ஆம் ஆண்டு மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியது. மருந்தின்றிக் கூட்டங்கூட்டமாக மாண்டனர். அவ்வாண்டு அக்டோபரில் பாதை முடிந்தது. தோட்டங்களிலோ எத்தனையோ குடும்பங்கள் தந்தையரின்றித் தவித்தன.

அங்கு இறந்த போர்க்கைதிகள் 12,000க்கும் மேற்பட்டோர். ஆசியத் தொழிலாளரோ அதனினும் பன்மடங்கினர். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளின் கல்லறைகள் வரிசையாக உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு. தமிழ்த் தொழிலாளர்க்கு அத்தகைய கல்லறைகள் இல்லை.

வீழ்ந்தோர்க்கு நடுகல் நாட்டுதல் பண்டைத் தமிழர் மரபு. 2023ஆம் ஆண்டில் காஞ்சனபுரியில் இவர்களுக்கும் நடுகல் நாட்டப்பெற்றது. ஆயினும் மாண்டோர் அனைவர் பெயரும் இன்று அறிதற்கில்லை. உழைப்பவரைத் தலைக்கணக்காக எண்ணாமல், வாழும்போதே பெயர் சொல்லிப் போற்றுதலே அவர்களுக்குச் செய்யும் உண்மையான அஞ்சலியாகும்.