ஒரு நாவலுக்குப் பெயரகராதி

பெருங்கதை ஒன்றினுள் அடியெடுத்து வைக்கும் வாசகருக்கு முதல் இடர்ப்பாடு கதையினால் வருவதன்று, பெயர்களினால் வருவது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வார இதழில் தொடராக வெளிவந்து, ஐந்து பாகங்களாக நிறைவுற்றது. கதை நிகழும் காலமோ ஓராண்டிற்கும் குறைவே. எனினும் அச்சில மாதங்களை விளங்கிக்கொள்ள, விஜயாலயர் முதல் அருள்மொழிவர்மர் வரையிலான ஆறு தலைமுறையினரை நாம் அறிந்திருத்தல் வேண்டும். தாத்தாவும் பராந்தகர், பேரனும் பராந்தகர். அப்பேரனையே சுந்தர சோழர் என்றும் அழைப்பர். இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்கள் மன்னருக்கு மன்னர் மாறி மாறி வரும். ஆடிக் காற்றில் இடம்பெயரும் தேரி மணலைப் போல, நின்ற இடத்தில் நில்லாத பெயர்கள் இவை.

இந்நாவல் 2022, 2023 ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாகத் திரைக்கு வந்தபின், திசையன்விளையில் நாம் நடத்தும் சிறு வாசகர் வட்டத்திற்கு இளையோர் பலர் நூலைக் கேட்டு வந்தனர். வார இதழிலிருந்து கிழித்துச் சேர்த்துத் தைத்த பக்கங்களில் இக்கதையைப் படித்து வளர்ந்த மூத்தோருக்கு அதனினும் மகிழ்ச்சி வேறில்லை. ஆயினும் பலர் முதற்பாகத்தைப் பாதியிலேயே திருப்பித் தந்தனர். "யார் யாருக்கு என்ன உறவு என்றே தெரியவில்லை" என்பதுதான் அவர்கள் கூறிய காரணம். ஆகவே, கதை மாந்தரையும் ஊர்களையும் அகரவரிசையில் விளக்கும் குறிப்பேடு ஒன்றை எழுதத் துணிந்தோம்.

தமிழுக்கு இது புதிய முயற்சியன்று. புராண, இதிகாசப் பெயர்களையெல்லாம் தொகுத்து ஆ. சிங்காரவேலு முதலியார் இயற்றிய 'அபிதான சிந்தாமணி' 1910 இல் வெளிவந்தது. விவிலியப் பதிப்புகளின் இறுதியில் உள்ள நிலப்படங்களும் காலவரிசையும் இத்தகைய துணையே அன்றோ?

எழுத அமர்ந்ததும் எழுந்த முதல் வினா, எவ்வளவு சொல்வது என்பது. முழுவதையும் சொல்லிவிட்டால் கதையைப் படிக்க வேண்டிய தேவையே இல்லாது போகும். எனவே ஒரே ஏடாக அன்றி, பாகத்திற்கு ஒன்றாக ஐந்து ஏடுகள் வகுத்தோம். 'புது வெள்ளம்' படிப்பவருக்குரிய ஏட்டில் 'தியாக சிகர'த்தின் செய்தி எதுவும் இடம்பெறாது. மதுராந்தகரைப் பற்றிய குறிப்பில் ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எண்ணியே எழுத வேண்டியிருந்தது. படித்தவர் காரணத்தை அறிவர். படியாதவர்க்கு அதனை இங்கும் சொல்லோம்.

அடுத்த வினா இதனினும் கடினமானது. இந்நாவலின் உலகம் பாதி கல்வெட்டில் உள்ளது. பாதி கல்கியின் உள்ளத்தில் பிறந்தது. வல்லவரையர் வந்தியதேவரைக் குந்தவையாரின் கணவர் எனத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குறிக்கிறது. நந்தினியும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் கற்பனைப் படைப்புகள். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் இராசராசர் ஆட்சியில் ஸ்ரீவிஜய அரசரால் எழுப்பப்பெற்றது. கதையிலோ அருள்மொழிவர்மர் இளவரசராக இருக்கும்போதே அங்கே தங்குகிறார். இவற்றைப் பிரித்துக் காட்டாவிடில், நந்தினி வாழ்ந்து மறைந்த அரசி என்றே ஒரு தலைமுறை நம்பிவிடும். ஆகவே ஒவ்வொரு பெயரின் கீழும் 'கல்லில் உள்ளது', 'கதையில் உள்ளது' என இரு பகுதிகள் அமைத்தோம்.

ரவிதாசன் பெயருக்கு வந்தபோது வட்டத்தில் பெரும் விவாதம் மூண்டது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கோயிலில், இராசராசரின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஆதித்த கரிகாலரைக் கொன்ற துரோகிகள் எனச் சோமன், ரவிதாசன், பரமேச்வரன் முதலியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்தம் உறவினரின் நிலங்களும் பறிக்கப்பட்ட செய்தியைத் தருகிறது. கொலைக்கான காரணத்தை அது கூறவில்லை. வீரபாண்டியருக்காகப் பழிவாங்கச் சூளுரைத்த ஆபத்துதவிகளாக அவர்களை ஆக்கியவர் கல்கியே.

"சோழன் வெட்டுன கல்லு சோழன் பேச்சத்தான பேசும், வாத்தியாரய்யா? பாண்டி நாட்டுல இருந்துக்கிட்டு நாம எப்படித் துரோகின்னு எழுத?" என்று கருப்பட்டி வணிகரான மூத்தவர் ஒருவர் கேட்டார்.

"கல்லு பேசாததையும் நாம பேச வைக்கக் கூடாதுல்லா, அண்ணாச்சி" என்றார் ஓய்வுபெற்ற ஆசிரியர்.

இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது. இராசராசரின் வெற்றிக்குப் பின் இப்பகுதி 'இராசராசப் பாண்டிநாடு' என்று பெயர் மாற்றப்பட்டது. தோற்றவரின் பெயரைத் தோற்கடித்தவர் எழுதிய ஏட்டிலிருந்தே படித்தறிய வேண்டிய மண் இது. ஆகவே, 'துரோகி எனக் கூறுவது சோழர் கல்வெட்டு, காரணம் கூறப்படவில்லை, பாண்டிய விசுவாசம் கல்கியின் புனைவு' என மூன்று தொடர்களில் எழுதினோம். எவரும் முழு மனநிறைவு கொள்ளவில்லை, எவரும் மறுக்கவுமில்லை.

'பொன்னியின் செல்வன்' நிறைவுற்ற 1954 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் டோல்கீனின் 'மோதிரங்களின் தலைவன்' வெளிவரத் தொடங்கியது. 1955 இல் வந்த அதன் மூன்றாம் தொகுதியில் அரச மரபுகளையும் குலமரங்களையும் காலவரிசையையும் பிற்சேர்க்கையாக அவரே தந்தார். அவ்வுலகம் முழுவதும் அவர் படைத்தது. அதைப் பற்றி அவர் எழுதியதை மறுக்க எந்தக் கல்லும் இல்லை. கல்கிக்கு அவ்வுரிமை இல்லை. கதை மாந்தர் பின்னர் என்ன ஆயினர் எனக் கேட்ட வாசகர்களுக்கு முடிவுரையில் அவர் விடையளித்தார். எனினும் கரிகாலரைக் கொன்ற கை எது என்பதை ஐயத்திற்கு இடமின்றி அவர் உரைக்கவில்லை. வரலாற்றறிஞர்களும் ஒன்றுபடவில்லை. நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழரை ஐயுற்றார். சதாசிவப் பண்டாரத்தார் அதனை மறுத்தார்.

அந்த இடத்தை நாமும் வெறுமையாகவே விட்டோம். அறியாததை நிரப்புவது வாசகருக்குச் செய்யும் உதவியாகாது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மறைந்து, தம் தரப்பைச் சொல்ல இயலாதவர்களுக்கும் அது நீதியாகாது.

ஐந்து ஏடுகளும் இன்று நூல்களோடு அலமாரியில் உள்ளன. பாதியில் திருப்பித் தந்தவருள் சிலர் மீண்டும் எடுத்துச் சென்றனர். அவர்களுள் கல்லூரி மாணவி ஒருவர், மூன்றாம் பாகத்தைக் கேட்டு வந்தபோது மூன்றாம் ஏட்டை வேண்டாமென்று வைத்துவிட்டார். அவருக்கு இனி அது தேவைப்படவில்லை. அதற்காகத்தானே அதனை எழுதினோம்!