போன் மாற்று படலம்

காயல்பட்டினத்தில் கடலைப் பார்த்துப் பேசாத வீடு உண்டு; கடல் கடந்து பேசாத வீடு அரிது. ஹாங்காங், கொழும்பு, துபாய், சவூதி அரேபியா என்று குடும்பத்துக்கு ஒருவராவது பிழைப்பை நாடிப் போயிருப்பார். முன்பெல்லாம் தபால்காரரின் வரவை எதிர்பார்த்திருந்த தாய்மார்கள், இப்போது செல்போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உறங்குகிறார்கள். நம் உம்மாவும் இதற்கு விலக்கல்ல.

நம் காக்கா ஹாங்காங்கில் வியாபாரம் செய்கிறார். நம் ஊரில் பெரும்பாலோர் முன்பணம் கட்டிப் பேசுகிறவர்கள். போனை ரொக்கத்துக்கோ தவணைக்கோ வாங்கி, அது பிராணனை விடும் வரையில் வைத்திருப்போம். அங்கேயோ இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தால் போனும் சேர்ந்து வந்துவிடுகிறது. ஒப்பந்தம் முடியும் தறுவாயில், "புதிய போன் வேண்டாமா?" என்று ஆசை காட்டுகிறார்கள். காக்கா புதியதை வாங்கிக்கொள்வார். பழையது உம்மாவுக்கு வரும். இதுதான் வழக்கம்.

இம்முறை அவருக்கு என்ன தோன்றிற்றோ, பழையதைத் தாமே வைத்துக்கொண்டு புதியதை உம்மாவுக்கு அனுப்பிவிட்டார். அது வேறு கம்பெனியின் சரக்கு. கண்ணாடி போல் மின்னிற்று. நாம் பெருமையுடன் உறையைப் பிரித்து, அப்போதே அதற்கு உயிர் கொடுத்து, பேரப் பிள்ளைகளின் படங்களை ஏற்றி உம்மாவிடம் நீட்டினோம்.

உம்மா கை நீட்டவில்லை.

"இது எனக்கு வாணாம். பழசுலதான் உங்க வாப்பா பேசுறாங்க" என்றார்கள்.

அப்போதுதான் நமக்குச் சுருக்கென்றது. வாப்பா காலமாகி மூன்று வருஷம் ஆகிறது. எழுத்துத் தட்டுவதில் பொறுமையில்லாத அவர், கடைத்தெருவில் நின்று வாட்ஸ்அப்பில் குரலாகவே செய்தி அனுப்புவார். "மீன் வாங்கியாச்சு, உலையை வை", "மழை வருது, துணியை எடு." இத்தகைய செய்திகள் நாற்பத்தொன்று அந்தப் பழைய போனில் இருந்தன. உம்மா அவற்றைத் தினமும் கேட்டு வந்தது நமக்குத் தெரியாது.

போன் எண்ணைப் பற்றி நமக்குக் கவலையில்லை. 2010 நவம்பரில் ஹரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் தேசமெங்கும், கம்பெனி மாறினாலும் எண் மாறாத உரிமை ஜனங்களுக்குக் கிடைத்துவிட்டது. 'போர்ட்' என்று எழுதி, பக்கத்தில் நம் எண்ணையும் சேர்த்து 1900-க்கு அனுப்பினால் காரியம் தொடங்கிவிடும். 2018-இல் ஏர்செல் கம்பெனி நொடித்தபோது, தமிழ்நாட்டு ஜனங்கள் திரள் திரளாக அந்த வழியில்தான் பழைய எண்ணோடு கரையேறினார்கள். எண் நம்முடையது என்று சர்க்கார் சொல்லிவிட்டது. குரல் யாருடையது என்று யாரும் சொல்லவில்லை!

விசாரித்ததில் விஷயம் விளங்கிற்று. போன் உலகத்தில் ஆண்ட்ராய்டு என்றும் ஐபோன் என்றும் இரண்டு ராஜ்யங்கள். படங்களும் பெயர்ப் பட்டியலும் எல்லையைச் சுலபமாகத் தாண்டிவிடும். வாட்ஸ்அப் செய்திகள் ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்குப் போக 2022-இல்தான் நேர்ப்பாதை திறந்தது. அந்தப் பாதையிலும் ஒரு நிபந்தனை: புதிய போன் முதன்முதலாக உயிர் பெறும்போதே குடிபெயர்ப்பு நடக்க வேண்டும். நாமோ அவசரத்தில் அந்த வேளையைத் தவற விட்டிருந்தோம். குற்றம் நம்முடையதே.

புதிய போனைத் துடைத்துவிட்டு மறுபடியும் தொடங்கலாம் என்று சொன்னார்கள். அந்தச் சோதனைக்கு வாப்பாவின் குரலை ஒப்படைக்க நமக்குத் துணிவில்லை. ஓர் இரவு முழுதும் உட்கார்ந்து, நாற்பத்தொரு செய்திகளையும் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பி, இன்னொரு பிரதியும் எடுத்துக்கொண்டோம்.

அந்த இரவில் பழைய சரித்திரம் ஒன்று நினைவுக்கு வந்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையைக் கண்டு எழுதிய மார்கோ போலோ, காயல் துறையில் அரபுக் குதிரைகள் வந்து இறங்கியதைச் சொல்கிறார். பாண்டிய நாட்டு அரசர்கள் பெரும் பொருள் கொடுத்து அவற்றை வாங்கினார்கள்; சரியான பராமரிப்பின்றி அவை மடிந்தன. குதிரைக்கு லாடம் கட்டி வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர்கள் இங்கே வராதபடி வியாபாரிகளே தடுத்தார்களாம். குதிரை செத்தால்தானே மறு வருஷம் புதுக் குதிரை விலை போகும்! எழுநூறு வருஷத்துக்குப் பிறகும் அந்தச் சாமர்த்தியம் உலகத்தை விட்டுப் போய்விட்டதாக நமக்குத் தோன்றவில்லை. எந்தக் கம்பெனியின் போனை வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனால் வாங்கும் நாளை நாம் குறிக்க வேண்டும், ஒப்பந்தம் குறிக்கக் கூடாது. வாங்கியபின் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்னால், பழையதில் யார் குடியிருக்கிறார் என்று வீட்டுப் பெரியவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

மறுநாள் காலை, புதிய போனில் முதல் செய்தியை வைத்தோம். "மீன் வாங்கியாச்சு, உலையை வை" என்றார் வாப்பா. உம்மா கண்ணை மூடிக் கேட்டார்கள்.

"குரல் அதேதான். ஆனாலும் பழசைத் தூக்கிப் போட்டுராதே" என்றார்கள்.

தூக்கிப் போடவில்லை. இரண்டு போன்களும் இப்போது தலைமாட்டில் இருக்கின்றன.