டின் பீச்சும் அப்பாவும்

பீச் மரத்துக்குக் குளிர்காலம் வேண்டும். பினாங்கில் அது ஏது? எங்கள் வீட்டுக்குப் பீச் டின்னில்தான் வரும். சம்பள நாளில் சவ்ராஸ்தா மார்க்கெட் பக்கம் போய் அப்பா வாங்கி வருவார். அவர் இறந்த பிறகு அம்மா ஓவனைத் தொடவே இல்லை.

போன ஞாயிறு நானே ஒரு டின் வாங்கி, அமெரிக்கர்களின் 'பீச் கோப்ளர்' செய்தேன். மாவு, சீனி, பால் ஒவ்வொன்றும் ஒரு கப். கொஞ்சம் பேக்கிங் பவுடர். உருக்கிய வெண்ணெய்மேல் இந்தக் கரைசலை ஊற்றி, பழத்தைப் பரப்ப வேண்டும்; கிளறக் கூடாது. 180 டிகிரியில் 45 நிமிடம். மாவு மேலெழும்பிப் பழத்தை மூடிக்கொள்ளும்.

எனக்கு மூடவில்லை. நடுவில் கூழாகக் கிடந்தது.

அம்மா எட்டிப் பார்த்தார். "பாகை வடிச்சியா?"

"இல்லம்மா."

"அதான். உங்கப்பா இருந்தா முதல்ல பாகைத்தான் குடிப்பாரு."

இரண்டு வருடத்தில் அம்மா அப்பாவைப் பற்றிப் பேசியது அன்றுதான். தினமும் வானொலியில் முகம் தெரியாதவர்களிடம் நலம் விசாரிக்கும் நான், வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கப் பயந்துகொண்டே இருந்திருக்கிறேன்.

மறுநாள் இருவரும் சேர்ந்து செய்தோம். நன்றாகவே எழும்பியது. வடித்த பாகை அம்மா ஒரு கிளாஸில் ஊற்றி, அப்பா படத்தின் முன் வைத்தார்.