அப்பாவின் ஆறு மாதங்கள்



சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரு தட்டும் ஒரு தம்ளரும் தனியாக ஒதுக்கப்பட்டன. அவை என் அப்பாவினுடையவை. ஒரு மாதமாக விடாத இருமல்; மாலையானால் காய்ச்சல். சளியைப் பரிசோதித்த டாக்டர், காசநோய் என்று சொல்லிவிட்டார். அப்பாயி அன்றே அந்தத் தட்டைத் தனியே கவிழ்த்து வைத்தார்கள். நானும் பார்த்துக்கொண்டு பேசாதிருந்தேன். பள்ளியில் கேட்டவர்களிடம், "அப்பாவுக்குச் சாதாரணக் காய்ச்சல்" என்று பொய்யும் சொன்னேன்.

ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார் டாக்டர். இரண்டே மாதத்தில் இருமல் நின்றது, உடம்பும் தேறியது. "நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்கு மாத்திரை? வயித்தைப் பெரட்டுது" என்றார் அப்பா. நான்கு நாள் மாத்திரைகள் தொடப்படாமல் இருந்ததை அம்மா கண்டு கலங்கினார்கள்.

அந்த வாரத்தில்தான், புது மருந்து பிறப்பது எப்படி என்று அறிவியல் மன்றத்தில் பேசும்படி சிஸ்டர் என்னைப் பணித்தார்கள். நூலகத்தில் அமர்ந்து காசநோய் மருந்தின் வரலாற்றையே தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில், 1943ஆம் ஆண்டு ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் இளைஞர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டெடுத்தார். காலால் மிதிக்கும் மண்ணிலே உயிர் காக்கும் மருந்து! ஆனால் கண்டுபிடித்ததும் கடைக்கு வந்துவிடவில்லை. முதலில் கண்ணாடிக் குழாயில் கிருமிகளோடு அதை மோதவிட்டார்கள். பிறகு கினிப் பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதன் பின்பே மனிதர்களுக்கு.

1947இல் பிரிட்டனில் 107 நோயாளிகளை வைத்து ஒரு சோதனை தொடங்கியது. 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. 52 பேரை ஏன் கைவிட்டார்கள்? மேலும் படித்தபோதுதான் விளங்கியது. எல்லாருக்கும் கொடுக்குமளவு மருந்து அன்று அங்கே இல்லை. மேலும், ஓய்வினால் மட்டுமே சிலர் தேறுவதும் உண்டு. ஒப்பிட்டுப் பார்க்காவிட்டால், குணமாக்கியது மருந்தா ஓய்வா என்று எப்படி அறிவது? யாருக்கு மருந்து என்பதை டாக்டரின் விருப்பம் தீர்மானிக்கவில்லை. ஒட்டிய உறைக்குள் இருந்த சீட்டே தீர்மானித்தது. ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும், பெறாதவர்களில் 14 பேரும் இறந்தனர்.

ஆயினும் வெற்றி நிலைக்கவில்லை. மருந்துக்கு அஞ்சாத கிருமிகள் மிஞ்சிப் பெருகின. தேறியவர்கள் பலர் மீண்டும் விழுந்தனர். ஒரே மருந்து போதாது, இரண்டு மூன்றைச் சேர்த்து நெடுநாள் கொடுக்க வேண்டும் என்ற பாடம் அப்படித்தான் கிடைத்தது.

அடுத்த பாடத்தை உலகுக்குத் தந்தது நம் சென்னை. 1956இல் அங்கே ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. 193 ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானட்டோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும் இருந்தனர். மற்றவர்கள் தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்து ஓராண்டு மருந்து உண்டனர். 1959இல் முடிவு வெளியானது: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தனர்! அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. நோயாளியை வீட்டைவிட்டுப் பிரிக்க வேண்டியதில்லை என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

பின்னர் ரிஃபாம்பிசின் வந்தது. 1970களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்த சோதனைகள், அது சேர்ந்தால் ஆறு மாத மருந்தே போதும் என்று காட்டின. ஆகவே "ஆறு மாதம்" என்பது டாக்டர் வாய்க்கு வந்த கணக்கு அன்று. எத்தனையோ நோயாளிகள் தங்கள் உடம்பையே தந்து கண்ட கணக்கு அது.

அன்றிரவு செபமாலை முடிந்ததும் இவை எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். "அப்பா, இருமல் நின்னாலும் உள்ளே கிருமி மிச்சம் இருக்கும். இப்ப விட்டா அது மருந்துக்கே அடங்காம போயிடும்" என்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் எடுத்து வந்தார், மாத்திரையை விழுங்கினார். மறுநாள் அம்மாவோடு சென்று டாக்டரிடம் உண்மையைச் சொல்லி, அவர் சொன்னபடி தொடர்ந்தார்.

இந்நோய் இருமும்போது காற்றில் பரவுமேயன்றித் தட்டிலும் தம்ளரிலும் பரவாது என்று அப்பாயிக்கும் எடுத்துச் சொன்னேன். கவிழ்ந்திருந்த தட்டு எங்கள் தட்டுகளோடு மீண்டும் சேர்ந்தது.

மருந்துக் காலம் முடிந்து சளியில் கிருமி இல்லை என்று தெரிந்த நாளில் கோவிலுக்குச் சென்று நன்றி சொன்னோம். பெயர் தெரியாத அந்த 193 பேருக்காகவும், உறையில் மருந்து கிடைக்காத அந்த 52 பேருக்காகவும் நான் தனியே ஒரு செபம் சொன்னேன்.

தோழியரே, அன்று நான் சொன்ன பொய்யை இன்று இந்த மலரில் திருத்திக்கொள்கிறேன். என் அப்பாவுக்கு வந்தது காசநோய். அது மறைக்க வேண்டிய நோய் அன்று. மருந்தைக் கடைசி நாள்வரை உண்டு வெல்ல வேண்டிய நோய்.