முதல் பந்தி

2018 ஜூனில் சியாட்டிலிலிருந்து அலாஸ்கா செல்லும் கப்பலுக்குப் பதிவு செய்தபோது, அறை எந்தத் தளத்தில், ஜன்னல் வேண்டுமா வேண்டாமா என்பவற்றையெல்லாம் ஒரே மாலையில் முடிவு செய்துவிட்டோம். இரவு உணவு 5:30 மணிக்கா, 8 மணிக்கா என்ற கேள்விக்குத்தான் இரண்டு வாரம் ஆயிற்று.

பெரிய பயணிகள் கப்பல்களின் பிரதான உணவுக்கூடத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் உட்கார இடம் போதாது. அதனால் பயணிகளை இரு பிரிவாக்கி இரண்டு வேளைகளில் அமர்த்துவது பழைய வழக்கம். பயணம் முழுவதும் அதே மேசை, அதே அண்டை அயலார், அதே பரிமாறுபவர். 2000ஆம் ஆண்டில் நார்வீஜியன் குரூஸ் லைன், விரும்பிய நேரத்தில் உண்ணும் முறையைக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்கள் பலவும் அதையொட்டிச் சில ஏற்பாடுகளைச் செய்தன. ஆயினும் இரட்டை வேளை முறை மறைந்துவிடவில்லை. எங்கள் கப்பலில் இரண்டும் இருந்தன. ஆனால் நேரம் குறிக்காதவர்கள் மேசைக்காகக் காத்திருக்க நேரலாம் என்றார்கள். காத்திருப்பது எங்களுக்கு ஆகாது. காரணம், அம்மா.

(எங்கள் இருவரில் யாருடைய அம்மா என்பது இங்கே தேவையில்லை. வீட்டிலேயே அந்த வேறுபாடு மறைந்து வெகுநாளாயிற்று.)

அம்மாவுக்கு அப்போது வயது 76. இரவு உணவுக்கு அரை மணி முன்னதாக இன்சுலின் போட்டுக்கொள்பவர். முந்தைய ஆண்டில் ஓர் இரவு ஊசியைப் போட்டுக்கொண்டு, நாங்கள் வேலையிலிருந்து திரும்பட்டும் என்று சாப்பிடாமல் இருந்துவிட்டார். நாங்கள் வந்து சேர ஒன்பதரை ஆயிற்று. சமையலறைத் தரையில் வியர்வையில் நனைந்து, பேச்சுக் குழறிக் கிடந்தார். அடுப்பின் மேல் மூன்று பேருக்கான உணவு தொடப்படாமல் மூடியிருந்தது. தாமதமாகும் என்று தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஆகவே 5:30 என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. அதற்கு எதிரான வாதங்களும் தெரிந்தே இருந்தன. துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் ஊரைச் சுற்றிப் பார்ப்பதைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். அடுத்த பிரிவுக்கு மேசையைத் தயார் செய்ய வேண்டுமாதலால் சாவகாசமாக உட்கார்ந்து பேசவும் முடியாது. எட்டு மணிக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

அம்மாவோ எட்டு மணியே போதும் என்றார். எங்கள் ஊர்சுற்றலுக்குத் தாம் இடைஞ்சலாகக் கூடாது என்பது உண்மையான காரணம். வெளியே சொன்ன காரணம் வேறு: "விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி ராத்திரிச் சாப்பாடா?" ஜூனோவில் ஜூன் மாதம் சூரியன் மறையவே பத்து மணி ஆகும், விளக்கு வைத்த பிறகுதான் என்றால் பட்டினிதான் என்றோம். அலாஸ்கா நேரத்துக்கேற்பக் கப்பலில் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்கு வைப்பார்கள், எனவே அங்கே 5:30 என்பது உடம்புக்கு 6:30தான் என்றும் கணக்குச் சொன்னோம். கணக்கில் திருப்தி அடைந்தவர்கள் நாங்கள் மட்டுமே.

கடைசியில் அவரே கேட்டார்: "அப்போ அது முதல் பந்தியா?" ஆமாம் என்றோம். "முதல் பந்தியில உட்கார நான் என்ன சம்பந்தியா?" என்று சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. குடும்பத்தில் எத்தனையோ கல்யாணங்களிலும் சீமந்தங்களிலும் அவரைப் பார்த்திருக்கிறோம். கடைசிப் பந்தியில், பாயசம் அடித்தட்டிப் போன பிறகு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகியபடியேதான் உட்காருவார்.

கப்பலில் எட்டுப் பேர் மேசை. தட்டு வந்தும் அம்மா கை வைக்கவில்லை. மற்ற ஏழு பேருக்கும் வந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். இங்கும் அதே காத்திருப்பு! பரிமாறிய இளைஞரிடம், அவர் இந்தோனேசியர், விஷயத்தைச் சொன்னோம். மறுநாள் முதல் நாங்கள் அமர்ந்தவுடனேயே அம்மாவின் முன்னால் ரொட்டி வந்தது. பருப்பும் சோறும் மற்ற மேசைக்காரர்களின் சூப்புக்கு முன்பாகவே வந்தன. இரண்டு நாள் கூச்சப்பட்டார். பிறகு பழகிவிட்டது.

பனியாற்று விரிகுடாவுக்குப் போன நாளில்தான் 5:30இன் விலை தெரிந்தது. 1794இல் வான்கூவரின் குழுவினர் கண்டபோது அந்த விரிகுடா ஏறத்தாழ முழுவதும் பனிக்குள் இருந்தது. 1879இல் ஜான் மியூர் வந்தபோது பனி பல மைல் உள்ளே பின்வாங்கியிருந்தது. பகலெல்லாம் அதைப் பார்த்துவிட்டு, மாலையில் கப்பல் ஐசி நீரிணைக்குள் திரும்பும்போது நாங்கள் மேசையில் இருந்தோம். யாரோ 'திமிங்கலம்' என்று கூவினார்கள். கூடமே எழுந்து ஜன்னல்களுக்கு ஓடியது. நாங்களும் ஓடினோம். கரிய முதுகு ஒன்று, பிறகு விரிந்த வால். திரும்பிப் பார்த்தால், ஆளில்லாத மேசையில் அம்மா மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பார்க்கலையாம்மா?"

"இலையில கை வச்சுட்டு எழுந்திருக்கக் கூடாது."

நீங்கள் பார்த்துவிட்டீர்கள் அல்லவா, அது போதும் என்றும் சொல்வார் என எதிர்பார்த்தோம். சொல்லவில்லை. ரசம் இருந்தால் நன்றாயிருக்கும் என்றார்.

கடைசி இரவு வெளியே வரும்போது எட்டுக்குக் கால் மணி இருந்தது. வாசலில் எட்டு மணிக்காரர்கள் கோட்டும் நீண்ட அங்கிகளுமாக வரிசையில் நின்றிருந்தார்கள். அம்மா அவர்களைக் கடந்து சற்றுத் தூரம் நடந்து, எங்கள் பக்கம் சாய்ந்து மெல்லச் சொன்னார்:

"பாவம், இன்னும் சாப்பிடலை."