யானகா: வாசல் பெருக்கும் டோக்கியோ

யானகாவில் நான் முதலில் கற்றுக்கொண்டது குப்பை போடும் கிழமையைத்தான். மூன்று வாரத்துக்கு வாடகைக்கு எடுத்த மாடி அறையின் சாவியைக் கொடுத்த கையோடு, வீட்டுக்கார அம்மா அடுப்படிச் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். எரியும் குப்பைக்கு வாரத்தில் இரண்டு நாள். எரியாததற்குத் தனி நாள். பாட்டில், டப்பா, பழைய பேப்பருக்கு வேறு நாள். எதுவானாலும் காலை எட்டு மணிக்குள் தெருமுனைக்குப் போய்விட வேண்டும். முந்தின ராத்திரியே வைத்தால் விடிவதற்குள் காக்கைகள் பையைக் கிழித்துவிடும். அதற்காகவே பைகளின்மேல் போர்த்த வலை ஒன்று அங்கே கிடக்கிறது.

இரண்டாவது வாரம் நாள் தவறிப் பையோடு இறங்கினேன். எதிர்வீட்டுப் பாட்டி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். என் பையைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, தலையசைத்து, 'அஷிதா' என்றார். நாளைக்கு. மறுநாள் நான் வந்தபோது வலையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தபடி எனக்காக நின்றார். நான் பையை உள்ளே தள்ளினேன், அவர் வலையை இழுத்துவிட்டு ஓரத்தைக் காலால் அமுக்கினார். அதன்பிறகு தினமும் எங்களுக்குள் 'ஒஹாயோ கொஸாய்மாஸ்' என்ற காலை வணக்கம் உண்டு.

பெருக்கி முடித்ததும் பாட்டி ஒரு வாளியும் அகப்பையும் எடுத்துவந்து வாசலில் தண்ணீர் தெளிப்பார். 'உச்சிமிஸு' என்று அதற்குப் பெயர். புழுதி அடங்க, வெக்கை தணிய, வருகிறவர்களை வரவேற்க. கோலம் மட்டும்தான் பாக்கி என்று முதல் நாள் எனக்குத் தோன்றியது. வெளிநாடு வந்து இத்தனை நாளில் நான் பார்த்த எந்தக் கோபுரமும் அந்த ஈரத் தரை அளவுக்கு என்னை நிற்கவைத்ததில்லை.

யானகா, டோக்கியோவின் தைத்தோ வார்டில் இருக்கிறது. யமனோத்தே ரயிலில் நிப்போரி ஸ்டேஷனில் இறங்கி மேற்குப் பக்கம் வெளியே வந்தால் நடக்கிற தூரம்தான். 1657இல், அப்போது எடோ என்று அழைக்கப்பட்ட இந்த நகரத்தைத் தின்ற பெருந்தீக்குப் பிறகு பல கோயில்களை நகரின் நடுவிலிருந்து இந்த மேட்டுக்கு மாற்றினார்கள். இன்றும் இந்தச் சிறிய பகுதிக்குள் எழுபது கோயில்கள் வரை உண்டு. 1923 நிலநடுக்கமும் 1945 குண்டுவீச்சும் டோக்கியோவின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கின. யானகாவில் நிறைய தப்பிவிட்டது. மரவீடுகளும், இரண்டு பேர் ஒதுங்கி வழிவிட வேண்டிய சந்துகளும் அப்படி மிஞ்சியவை. இங்கே பாம்புத் தெரு என்று ஒன்று வளைந்து வளைந்து போகிறது. காரணம், அது முன்பு ஐஸோமே என்ற ஆறு. ஆற்றை மூடிவிட்டார்கள், தெரு அதன் வளைவை விடவில்லை.

தப்பாததும் உண்டு. ஊரின் கல்லறைத் தோட்டத்தில் செர்ரி மரங்கள் நிற்கும் பாதையோரம் வெறும் அடித்தளக் கற்கள் கிடக்கின்றன. ஐந்தடுக்கு மரக்கோபுரம் நின்ற இடம் அது. போரில் தப்பிய கோபுரம் 1957இல் எரிந்துபோனது. ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவர்களில் கடைசி ஷோகன் தொகுகவா யொஷினொபுவின் சமாதியும் இதே தோட்டத்தில்தான். ஆனால் அங்கே நான் தினமும் பார்த்தது, குறுக்குவழியாக அதனூடே சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளையும் நாயோடு நடக்கும் தாத்தாக்களையும்தான். செத்தவர்களுக்கு நடுவே ஊர் சாவகாசமாக நடக்கிறது.

படம் எடுக்க வருகிறவர்கள் நேரே யானகா கின்ஸா கடைத்தெருவுக்கு வருகிறார்கள். 'யூயாகே தன்தன்' என்கிற படிக்கட்டில் நின்றால் தெரு முழுக்கத் தெரியும். செவ்வானப் படிகள் என்று அதற்கு அர்த்தம். 170 மீட்டர் போலத் தெரு. மீன்கடை, தேயிலைக்கடை, சூடாகப் பொரித்துத் தரும் இறைச்சிக்கடை. நல்ல தெரு. சனி ஞாயிறுகளில் மட்டும் அங்கே ஊர்க்காரர்களைப் பார்ப்பது கஷ்டம். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குப் போங்கள். மீன்கடைக்காரர் ஒரு அம்மாவிடம் அன்றைக்கு எந்த மீன் நன்றாக இருக்கிறது என்று நீளமாகச் சொல்லிக்கொண்டிருப்பார். வாங்கிய பலகாரத்தை நடந்துகொண்டே தின்னாமல் கடை வாசலிலேயே நின்று தின்றுவிட்டு, காகிதத்தை அங்கேயே கொடுத்துவிட்டு வாருங்கள். தெருவில் குப்பைத்தொட்டி கிடையாது.

யானகாவின் மையம் எது என்று என்னைக் கேட்டால் குளியல் கடையைத்தான் சொல்வேன். 'செந்தோ' என்கிற பொதுக் குளியலறை. பழைய மரவீடுகள் பலவற்றில் குளியலறை கிடையாது, தெருவே ஒரு இடத்தில் குளித்தது. 1968இல் டோக்கியோவில் 2,600க்கும் மேல் செந்தோக்கள் இருந்தன. இன்று ஐந்நூறுகூட இல்லை. கட்டணத்தின் உச்சவரம்பை நகர நிர்வாகமே நிர்ணயிக்கிறது, 2024இல் அது 550 யென் ஆனது. கோயிலுக்கு இல்லாத கட்டணக் கட்டுப்பாடு குளியலுக்கு இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. குளிப்பது அங்கே அரிசி மாதிரி அத்தியாவசியம்.

முதல் நாள் வாசல் திரைத்துணிக்கு முன்னால் ரொம்ப நேரம் தயங்கினேன். முன்பின் தெரியாத பெண்களோடு உடுப்பில்லாமல் குளிப்பது என்பது நம் ஊரில் வளர்ந்தவளுக்குச் சின்ன விஷயம் இல்லை. செருப்பைப் பெட்டியில் வைத்து மரச்சாவியை உருவிக்கொண்டேன். காசு கொடுத்தேன். உள்ளே யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்த ஒன்று போதும், கூச்சம் ஆவியோடு போய்விட்டது. சின்ன ஸ்டூலில் உட்கார்ந்து, சுவரோரக் குழாயில் மஞ்சள் பிளாஸ்டிக் தொட்டியை நிரப்பி நிரப்பி ஊற்றிச் சோப்புப் போகக் கழுவிய பிறகுதான் பெரிய தொட்டிக்குள் இறங்கலாம். அது உடம்பை ஊறவைக்க, அழுக்கைப் போக்க அல்ல. சிறு துண்டு தண்ணீரில் படக்கூடாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்கிறார்கள்.

வெந்நீர் நான் நினைத்ததைவிடச் சுட்டது. காலை வைத்து எடுத்தேன். உள்ளே கழுத்துவரை அமிழ்ந்திருந்த ஒரு பாட்டி ஒன்றும் பேசாமல் தன் பக்கத்துக் குளிர்நீர்க் குழாயைச் சற்றே திருகி, அங்கே வா என்று கண்ணைக் காட்டினார். போய் உட்கார்ந்தேன். இரண்டு நிமிடத்தில் குழாயை மூடிவிட்டார். அவ்வளவுதான் சலுகை. எதிரே ஒரு மருமகளோ மகளோ, வயதான அம்மாவின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோள்பட்டை, முதுகுத்தண்டு, இடுப்பு என்று அவசரமில்லாமல். எனக்கு என் அப்பத்தாவின் முதுகு ஞாபகம் வந்தது. வெளியே வரும்போது கல்லாவில் இருந்தவர் 'ஒயாசுமினாஸாய்' என்றார். கடைக்காரர் வாடிக்கையாளருக்குச் சொல்லும் வார்த்தை அல்ல அது. வீட்டில் தூங்கப் போகிறவருக்குச் சொல்வது.

மூடிய செந்தோக்களின் கதி வேறு. 1787 முதல் இருந்த கஷிவாயு என்ற குளியல் கடை 1990களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. கட்டடத்தை இடிக்காமல் 1993இல் ஓவியக்கூடமாக்கினார்கள். அதே மனம் ஹகிஸோவிலும் தெரியும். 1955இல் கட்டிய மரக் குடியிருப்பு அது. கலைக்கல்லூரி மாணவர்கள் தங்கியிருந்தது. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு இடிக்க இருந்த கட்டடத்தில் கடைசியாக ஒரு கண்காட்சி நடத்தினார்கள். திரண்டு வந்த கூட்டத்தைப் பார்த்துக் கட்டட உரிமையாளர் இடிக்கும் எண்ணத்தைக் கைவிட்டார். 2013 முதல் அது காபிக்கடையும் காட்சிக்கூடமும். 2015இல் ஹகிஸோவை நடத்துகிறவர்களே 'ஹனாரே' என்ற விடுதியைத் தொடங்கினார்கள். வரவேற்பு ஹகிஸோவில், படுக்கை சற்றுத் தள்ளி ஒரு பழைய வீட்டில், குளியலுக்குத் தெருவிலுள்ள செந்தோவின் டிக்கெட். சாப்பாட்டுக்கு ஊர்க் கடைகள்தான். விடுதியின் பகுதிகள் இப்படி ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. பயணிகளை ஊருக்குப் பாரமாக்காமல் ஊரின் கடைகளுக்கு வாடிக்கையாளர் ஆக்கும் யோசனைகளில் இதைவிட நல்லதை நான் கண்டதில்லை.

இந்த ஊர் இடிபடாமல் இருப்பது தற்செயல் அல்ல. 1984இல் மோரி மயூமியும் அவர் தோழிகளும், பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, யானகா, நெஸு, செந்தாகி மூன்று பகுதிகளுக்கும் சேர்த்து ஒரு சிற்றிதழ் தொடங்கினார்கள். வயதானவர்களைத் தேடிப்போய் அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதினார்கள். 2009 வரை அது வந்தது. பெயர்களின் முதல் எழுத்துகள் சேர்ந்து 'யானேசென்' என்று ஊரே இப்போது அழைக்கப்படுகிறது.

மாலை மங்கும்போது மின்கம்பத்து ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு வரும். பேரிடர் அறிவிப்புக்கான ஒலிபெருக்கி. தினமும் சரிபார்க்கிறார்கள், விளையாடும் பிள்ளைகளுக்கு அதுதான் வீடு திரும்பும் மணி. மூன்றாவது வாரம் நானும் அந்த மெட்டைக் கேட்டால் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கக் கிளம்பினேன்.

ஜப்பானில் வீட்டைவிட்டு வெளியே போகிறவர் 'இத்தே கிமாஸ்' என்பார். போய்விட்டு வருகிறேன். நாமும் 'போறேன்' என்று சொல்வதில்லை. வீட்டில் இருப்பவர் 'இத்தெராஷ்ஷாய்' என்பார். போய்விட்டு வா.

கிளம்பிய நாள் எரியும் குப்பை நாள். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் பை. பாட்டி துடைப்பத்தோடு வந்து வலையைத் தூக்கினார். பெட்டியைப் பார்த்தார். நான் 'இத்தே கிமாஸ்' என்றேன். அது வீட்டார் சொல்லும் வார்த்தை என்று தெரிந்தேதான் சொன்னேன். அவர் வலையை இழுத்துவிட்டு, ஓரத்தைக் காலால் அமுக்கி, 'இத்தெராஷ்ஷாய்' என்றார். ஸ்டேஷன் திருப்பத்தில் திரும்பிப் பார்த்தபோது வாளியோடு வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.