எறையூர்ப் பட்டறையில் ஒரு பழைய யெஸ்டி

எறையூர்ச் சர்க்கரை ஆலையில் அரவை நடக்கும் காலத்தில், கரும்பேற்றி வரும் டிராக்டர்களின் டிரெய்லர் அச்சுகளுக்கும், மற்ற மாதங்களில் சுற்றுவட்டாரத்துப் பம்புசெட் என்ஜின்களுக்கும் வைத்தியம் பார்ப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்ட ஒரு பட்டறையில், மண்தரைப் பந்தயத்துக்காகப் பழைய யெஸ்டி ரோடுகிங் மோட்டார் சைக்கிள் ஒன்று தயாராகிறது என்று கேள்விப்பட்டு, அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவலோடு சென்றேன். வண்டிக்கு உரியவர் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பயிரிடும் குடும்பத்து இளைஞர். வண்டி அவருடைய தாத்தா வாங்கியது. மெக்கானிக் அறுபது வயதைத் தாண்டியவர்; இளமையில் திருச்சியில் தொழில் பழகியவர்.

கரடுமுரடான மண்ணில் மேடேறிக் குதித்து ஓடும் இந்தப் பந்தயம் 1924-இல் இங்கிலாந்தில் கேம்பர்லி என்னும் ஊரருகே உருவெடுத்து, 1957 முதல் உலகச் சாம்பியன் பட்டத்துக்குரிய போட்டியாக வளர்ந்தது. மைசூரில் ஐடியல் ஜாவா ஆலை 1961 முதல் 1996 வரை செய்தளித்த ஜாவா, யெஸ்டி வண்டிகளின் பூர்விகம் செக்கோஸ்லோவாக்கியா. அதே தேசத்தின் சி.இசட். வண்டியில் ஏறித்தான் பெல்ஜியத்து இளைஞர் ஜோயல் ராபர்ட் 1964-இல் 250 சி.சி. பிரிவில் உலகப் பட்டத்தை வென்றார். ஆகையால் சந்தைக்கும் வயலுக்கும் போய்வந்த இந்தக் கனத்த வாகனத்துக்கு மண்பந்தயம் முற்றிலும் அந்நியமான காரியமல்ல.

பந்தய வண்டி என்றதும் வேகத்தைக் கூட்டும் வேலைதான் முதலில் நடக்கும் என்று நினைப்போம். அங்கே நான் கண்டது வேறு. கார்புரேட்டர் வாயையும் புகைபோக்கி வாய்கள் இரண்டையும் ரப்பர் துண்டுகளால் இறுக அடைத்து, சைக்கிள் பம்பினால் என்ஜினுக்குள் மிக மிதமாகக் காற்றேற்றி, மூட்டுகளிலெல்லாம் சோப்பு நுரையைத் தடவிவிட்டு, பெரியவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். சிறிது நேரத்தில், வலப்பக்கம் டைனமோவுக்குப் பின்னாலுள்ள கிராங்க் சீல் அருகே கடுகளவு குமிழி ஒன்று எழுந்து உடைந்தது. அதே இடத்தில் மற்றொன்று எழுந்தது. "பாத்தியா தம்பி, இந்தப் பக்கம் காத்து இழுத்தா பிஸ்டன் சீஸ் ஆயிடும்; அந்தப் பக்கம் சீல் போனா கியர் ஆயிலைக் குடிச்சு வெள்ளைப் புகை விடும்" என்றார். டூ ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டனுக்குக் கீழுள்ள கிராங்க் அறையே எரிபொருட்கலவையை உறிஞ்சி மேலே தள்ளும் பம்பாகவும் இருப்பதால், அந்த அறையில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் மற்ற எல்லாப் பிரயத்தனமும் வியர்த்தமாகிவிடும். பரீட்சை இல்லாமல் பவர் கூட்ட முனையும் பல இளைஞர்கள் இதை அறிவதில்லை.

எரிபொருள் விஷயத்தில் அவர் காட்டிய சிரத்தை எனக்கு மிகவும் விசேஷமாகப் பட்டது. கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்தும் வடிக்கப்படும் எத்தனால், இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை கலந்திருக்கிறது. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும்; எத்தனாலுக்கோ 9 பங்கு போதும். அக்காலத்துப் பெட்ரோலுக்கென்று அளந்து வைத்த ஜெட்டோடு இன்றைய பெட்ரோலை ஊற்றினால் கலவை வறண்டு, சூடு ஏறி, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆகவே மெயின் ஜெட்டைப் பெரிதாக்கி, பெட்ரோல் குழாயிலிருந்த பழைய கார்க்கையும் ரப்பரையும் மாற்றி, லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலந்து, ஓட்டம் முடிந்ததும் டேங்கை வடித்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தார். எத்தனால் ஈரத்தை இழுக்கும், தேங்கினால் தண்ணீர் பிரிந்து அடியில் நிற்கும்.

உடலில் செய்த வேலைகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மட்கார்டுகளும் செயின் கவரும் பக்கப் பெட்டிகளும் கழற்றப்பட்டு, அகலமான ஹேண்டில்பாரும் பட்டன் டயர்களும் ஏறியிருந்தன. பின்பக்க ஷாக் அப்சார்பர்களின் கீழ்முனையை முன்னுக்கு நகர்த்திச் சாய்த்திருந்தார்கள். இதனால் சக்கரம் மேலும் கீழும் போய்வரும் தூரம் கூடும், ஆனால் ஃபிரேமின் மீது விழும் பாரமும் கூடும். அதனால் அங்கெல்லாம் இரும்புத் தகடு வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். ஒவ்வொரு பற்றையும் பெரியவர் சுட்டுவிரல் நகத்தால் வருடிப் பார்த்து, இரண்டு இடங்களை மறுபடி செய்யச் சொன்னார். டிரெய்லர் அச்சு பற்றவைத்துப் பழகிய கைகள் அவை. பாரம் என்றால் என்ன என்பது அவற்றுக்குத் தெரியும்.

"அண்ணே, போர்ட்டை இன்னும் கொஞ்சம் அராவினா வேகம் கூடுமே?" என்று இளைஞர் கேட்டார்.

"கூடும் தம்பி, மேலே கூடும், கீழே போயிடும். கரிசல்ல மழை பேஞ்சா டயரைப் புடிச்சுக்கும். அப்ப வேகமா வேணும்? இழுவை வேணும்" என்று சொல்லி அரத்தைத் தம் பெட்டிக்குள் வைத்துவிட்டார். 65 மில்லிமீட்டர் போரும் 75 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் உடைய நீண்ட வீச்சு என்ஜின் இது. குறைந்த சுற்றில் நின்று இழுப்பதே அதன் சுபாவம். யந்திரத்தின் சுபாவத்தை மாற்ற முயலாமல், அது எதற்குப் பிறந்ததோ அதைப் பூரணமாகச் செய்யும்படி ஆயத்தம் செய்வதே மேலான வித்தை என்பது என் அபிப்பிராயம். அந்த வித்தையை இவரிடம் கண்டேன்.

மாலையில் தரிசு நிலத்தில் வெள்ளோட்டம். இளைஞர் முழு வேகத்தில் ஓடி, அப்படியே என்ஜினை நிறுத்தி, கிளட்சைப் பிடித்து உருட்டிக்கொண்டு வந்ததும், பெரியவர் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். வெளுப்பும் இல்லை, கரியும் இல்லை; பீங்கான் இளம் பழுப்பாக இருந்தது. "போதும்" என்றார்.

இங்கிலாந்தில் 1965-க்கு முற்பட்ட வண்டிகளுக்கென்றே தனிப் பந்தயப் பிரிவுகள் நடக்கின்றன. நம் நாட்டிலும் மண்தரைப் பந்தயம் நடத்தும் சங்கத்தார், பழைய இந்திய டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு ஒரு பிரிவை ஒதுக்கினால், இத்தகைய கைகளுக்கு வேலையும் கௌரவமும் கிடைக்கும். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் மாட்டுக்கொட்டகையில் யெஸ்டியோ ராஜ்தூத்தோ கிடந்தால், பழைய இரும்புக்கு எடைபோடுமுன் இப்படிப்பட்ட ஒரு பட்டறைக்காரரிடம் ஒருமுறை காட்டுங்கள்.